தேகாப்பியாசமும் மூட்டு நலனும்

ஓட்டமும் ஆட்டமும் மூட்டுகளைத் தேய்த்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலருளர். அவ்வச்சம் பொருந்தாது. தான் தாங்கும் பாரத்துக்கேற்ப என்பு தன்னைத் திருத்தியமைத்துக் கொள்ளும் என்பதை ஜேர்மனிய வைத்தியர் யூலியஸ் வொல்ஃப் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். டெனிஸ் வீரரின் பந்தடிக்கும் கையில் என்பு தடித்திருத்தல் இதற்குச் சான்றாகும். குருதிக் குழாய்களற்ற மூட்டுக் குருத்தெலும்பும், மூட்டு அசைவதனாலேயே அங்குள்ள நீரிலிருந்து ஊட்டம் பெறுகின்றது.

எனவே, மூட்டுக்குப் பகை அளவறிந்த அப்பியாசமன்று, காயமே. உதைபந்தாட்டத்தில் முழங்காலின் பிணைநார் அறுந்தவருட் பலர், 10, 20 ஆண்டுகளில் மூட்டுவாதத்துக்கு ஆளாகின்றனர். காயம் ஆறுமுன் ஆடுவோர் மீண்டும் காயமுறும் ஆபத்தும் பெரிது. பிணைநாருக்குச் சத்திரசிகிச்சை பெற்றவர் 9 மாதமேனும் பொறுத்திருத்தல் நன்று.

வீங்கிய முழங்காலுடன் ஒரு மாணவனைக் கேடயத்துக்காக மைதானத்தில் இறக்குதல் வீரமாகாது. கேடயத்துக்கு அடுத்த ஆண்டும் போட்டியுண்டு. முழங்காலோ அவனுக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியது. அவன் ஆடலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரேயன்றி, அணித் தலைவனோ, எல்லைக்கோட்டில் நின்று ஆரவாரிக்கும் பழைய மாணவராகிய நாமோ அல்லோம். கல்லூரி இதனை ஒரு விதியாகவே ஆக்குதல் வேண்டும்.