இங்கிலீஷ் பாடத்தில் பேச்சிப்பாறை வரட்டும்!

வகுப்பில் ஒரு படம் காட்டப்படுகிறது.

பனிக்கட்டியால் செய்த ஒரு பொம்மை. தலையில் தொப்பி. கழுத்தில் கம்பளித் துண்டு. மூக்குக்கு ஒரு காரட்!

"இது என்ன காலம்?" என்று வாத்தியார் இங்கிலீஷில் கேட்கிறார்.

"விண்டர்!" என்று பிள்ளைகள் கூட்டாகச் சொல்கிறார்கள்.

பதில் சரிதான். ஆனால், தோவாளையில் எந்தக் குழந்தை பனிப் பொம்மை செய்தது? குளச்சலில் பனிக்கட்டி மீன் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது!

படம் இன்டர்நெட்டில் இருந்து எடுத்தது. இங்கிலீஷ் வாத்தியார்கள் பலர் இப்போது பாடத்துக்கு வேண்டியதை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். நல்ல காரியம்! எடுத்ததை அப்படியே பிள்ளைகள் தலையில் கட்டலாமா? அதுதான் கேள்வி.

குமரி மாவட்டத்துக்கு இது சின்னக் கேள்வி அல்ல. 2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 91 பேருக்கு மேல். தமிழ்நாட்டிலேயே முதல் இடம்! ஆனால் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்த பையன், வளைகுடா நாட்டுக்கு மீன் பிடிக்கப் போகும்போது ஒப்பந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புரியாமலே கையெழுத்துப் போடுகிறான். நர்சு படிப்பு முடித்த பெண், வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் பணம் கட்டித் தனியாகப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கிடைத்திருக்க வேண்டியது அது!

கரடி தின்ற கதை

இன்டர்நெட்டில் என்னதான் இல்லை!

பி.பி.சி. 1943-ல் ரேடியோவில் இங்கிலீஷ் பாடம் தொடங்கியது. அந்தப் பாடம் இன்று இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. 'பிரதம் புக்ஸ்' என்ற ஸ்தாபனம் 2015-ல் 'ஸ்டோரிவீவர்' என்ற கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. ஒரே கதை தமிழிலும் இருக்கும், இங்கிலீஷிலும் இருக்கும். நம் சர்க்கார் பாடப் புத்தகத்திலேயே 2018 முதல் கட்டம் கட்டமாக ஒரு கோடு அச்சிடப்படுகிறது. செல்போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடுகிறது.

பேசும் அகராதியும் உண்டு. வார்த்தையைத் தொட்டால் போதும், உச்சரித்துக் காட்டும். இதன் அருமை எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் 'ப' ஒன்றுதான். 'பந்து' என்பதிலும் அதே எழுத்து. 'கம்பு' என்பதிலும் அதே எழுத்து. ஒலி மட்டும் மாறுகிறது. இங்கிலீஷில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். பேரிக்காயும் 'பேர்', கரடியும் 'பேர்'! பேரிக்காய் தின்றேன் என்று சொல்ல வந்த பையன் கரடியைத் தின்றுவிடுவான்.

(திருவிதாங்கூர் காலத்தில் மலையாளம் படித்த தாத்தாக்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து.)

வாத்தியார் இப்படி இருபது ஜோடி வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்கட்டும். அகராதியின் குரலை ஒரு தடவை போட்டுக் காட்டட்டும். பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். தமிழ்ப் பிள்ளைக்கு எந்த ஒலி தடுக்கும் என்பது லண்டனில் பாடம் எழுதியவருக்குத் தெரியாது. நம் வாத்தியாருக்குத்தான் தெரியும்.

இரண்டு மழை, இரண்டு கடல்

பருவ காலப் பாடத்துக்கு வருவோம். இன்டர்நெட்டில் கிடைக்கும் தாள்களில் நாலு காலம் இருக்கும். ஒன்றில் பூ பூக்கும். ஒன்றில் இலை உதிரும். ஒன்றில் பனி கொட்டும்.

குமரி மாவட்டத்தில் என்ன நடக்கிறது? ஜூனில் இடவப்பாதி மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு மழையும் நன்றாகப் பெய்யும் ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? மழைக்குத் தக்கபடி நெல்லும் இரண்டு பூ. சித்திரையில் கன்னிப்பூ சாகுபடி தொடங்கும். புரட்டாசியில் கும்பப்பூ தொடங்கும்.

கடலுக்கும் அப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஒரு தடைக் காலம், குளச்சலுக்கு வேறு தடைக் காலம்!

'முதல்', 'வரை' என்பதை இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் உண்டா? 'ஃபிரம் ஜூன் டு ஜூலை' என்று மீனவர் வீட்டுப் பிள்ளை எழுதுவான். அவன் அப்பா சும்மா இருக்கும் மாதங்கள் அவை. அவனுக்கு அது மறக்காது.

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. தினமும் பத்திரிகையில் அணைகளின் நீர்மட்டம் வருகிறது. 'இதைவிட அது உயரம்', 'நேற்றைவிட இன்று அதிகம்' என்ற வாக்கியங்களை ஒரு மாதம் முழுவதும் இங்கிலீஷில் எழுதலாம். மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். அதன் உயரம் 115 அடி. படம் வேண்டுமா? 'விக்கிமீடியா காமன்ஸ்' என்ற படக் களஞ்சியத்தில் இருக்கிறது. பாடத்தை அமைக்கும் முறையை பி.பி.சி.யிடம் கற்கலாம். பாடத்துக்குள் வரும் ஆறும் அணையும் நம்முடையதாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்டர்நெட்டில் கண்டதெல்லாம் பொதுச் சொத்து அல்ல. வகுப்பில் பாடம் நடத்துவதற்கு 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம் சலுகை தருகிறது. அச்சடித்து விற்பதற்குத் தரவில்லை. ஸ்டோரிவீவர் கதைகளை மாற்றி எழுதலாம், அச்சிடலாம். எழுதியவர் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேட்ட மாத்திரத்தில் பாடமும் கேள்வியும் எழுதித் தரும் இயந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவை தப்பையும் தைரியமாக எழுதும்! வாத்தியார் படித்துப் பார்க்காத தாள் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

வாத்தியாருக்கு நேரம் எங்கே?

வாத்தியார்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பதிவேடு எழுதவும் புள்ளிவிவரம் அனுப்பவுமே நேரம் போகிறது என்கிறார்கள். நியாயமான முறையீடு. ஒரு நல்ல தாள் தயாரிக்க ஒரு மாலைப் பொழுது ஆகும். அதை வீட்டில், சொந்த செல்போனில், சொந்தச் செலவில்தான் செய்ய வேண்டுமா? வாரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

செய்த தாளும் அந்த வகுப்போடு முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மறுபடியும் முதலில் இருந்து தொடங்குகிறார். 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மீட் பாதிரியார் அச்சகம் வைத்தார். ஒரு கையில் இருந்த பாடத்தை ஆயிரம் கைக்கு அனுப்பும் வித்தை அப்போதே இங்கே வந்துவிட்டது. இன்று அதற்கு அச்சகம்கூட வேண்டாம்.

கல்வி இலாகா மாவட்டத்துக்கு ஒரு பொதுக் களஞ்சியம் திறக்கட்டும். அனுபவம் உள்ள இங்கிலீஷ் ஆசிரியர்கள் நாலைந்து பேர் திருத்திச் சேர்க்கட்டும். சிக்னல் எட்டாத மலையோரப் பள்ளிக்கூடங்களுக்கு அதையே ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு அனுப்பலாம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். இடவப்பாதியும் அப்போதுதான் வரும். குளச்சலில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மழைப் பாடம் அதற்குள் தயாராகட்டும்.