பழைய டைம்டேபிளுக்குச் சாவே கிடையாதா?

இன்னிக்குப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என் நண்பன் ஒருத்தன் போன செமஸ்டர் அரியர் எழுத கே.ஜி.கண்டிகையில பஸ் ஏறி, திருத்தணியில ரயில் பிடிச்சு கல்லூரிக்குப் போனான். ஹால் பூட்டிக் கிடந்துச்சு. பரீட்சை முந்தின நாளே முடிஞ்சு போச்சாம்! அவன் கையில இருந்த டைம்டேபிள் கல்லூரித் தளத்துல இறக்கினதுதான். ஆனா திருத்தத்துக்கு முந்தினது. ரெண்டுமே தளத்துல உயிரோட இருந்துச்சு. இனி ஆறு மாசம் காத்திருக்கணும்.

எல்லாரும் அவனைத் திட்டினாங்க. நான் திட்டப்போறது இணையதளம் செய்யற மென்பொருள்களை.

அந்தத் தளத்தை விடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச வேர்ட்பிரஸையே எடுத்துக்குவோம். மார்ச்ல ஒரு பிடிஎஃப் ஏத்துறீங்க. அதே மாசம் திருத்தி, அதே பேர்ல மறுபடி ஏத்தினா பழசை எடுத்துட்டு புதுசு உட்காரும்னு நினைப்பீங்க. அதான் இல்ல. பேருக்குப் பின்னாடி "-1" ஒட்டிக்கிட்டு ரெண்டாவது கோப்பா நிக்கும். ஏப்ரல்ல ஏத்தினா வேற ஃபோல்டர்ல மூணாவது. பக்கத்தையே அழிச்சாலும் கோப்பு சர்வர்ல அப்படியே இருக்கும். வாட்ஸப்ல பகிர்ந்த பழைய சுட்டி பழசையேதான் காட்டும். கோப்பை மாத்தணும்னா தனியா பிளகின் போடணும்.

இதே மென்பொருள், ஒரு பெரிய போட்டோ ஏத்தினா 150, 300, 768, 1024, 1536, 2048னு அகலம் அகலமா நகல் எடுத்து அடுக்கும். கேக்காமலே இத்தனை நகல். கேட்டாலும் ஒரு "மாற்று" பொத்தான் கிடையாது. என்ன நியாயம் சார் இது?

"தெரியாம பழசு அழிஞ்சுடக் கூடாதுல்ல?"ன்னு கேப்பாங்க. நல்ல கேள்விதான். ஆனா விடை எப்பவோ வந்தாச்சு. விக்கிப்பீடியாவை ஓட்டுற மீடியாவிக்கியில ஒரு படத்துக்குப் புதுப் பதிப்பு ஏத்தினா முகவரி மாறாது, பழைய பதிப்புகள் கீழே வரலாறா வரிசையா இருக்கும். கூகுள் டிரைவ்லயும் அதே சுட்டியில புதுப் பதிப்பு ஏத்தலாம். பழசும் பத்திரம், வாசகனும் பத்திரம்.

காமர்ஸ் பசங்களுக்கு இது புதுசு இல்ல. டேலியில ஒரு லெட்ஜர் பேரை ஒரு இடத்துல திருத்தினா எல்லா வவுச்சர்லயும் மாறிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளோட கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோட பதியணும், அதை அணைச்சு வைக்கவும் கூடாதுன்னு விதியே இருக்கு. பணத்துக்கு இருக்கிற இந்த மரியாதை ஒரு மாணவனோட பரீட்சைத் தேதிக்குக் கிடையாதா?

ஆனா தளம் செஞ்சு தர்றவங்க காட்டுறது என்ன? ஓடுற ஸ்லைடர், பறக்கிற எழுத்து, மினுக்குற "புதியது". அடப்போங்கப்பா! நாங்க கேக்கறது ஒரு முகவரிக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

அதுவரைக்கும் தளம் பாத்துக்கறவங்களுக்கு மூணு வேண்டுகோள். பழைய கோப்பை மீடியா லைப்ரரியில போய் அழிங்க. டைம்டேபிள் தலையில வெளியிட்ட தேதியைப் போடுங்க. கோப்போட சுட்டியைப் பகிராம, பக்கத்தோட சுட்டியைப் பகிருங்க.

டிஸ்கி: நண்பன் இப்பல்லாம் தளத்தை நம்பறதில்ல. முந்தின நாளே ரயிலேறிப் போய் நோட்டீஸ் போர்டைப் பாத்துட்டு வர்றான். இணையம் வளர்ந்த லட்சணம் இது!