வைத்தியரை அளக்கும் கோல்

நமது தேசத்தில் வைத்தியப் பட்டம் பெற நாலரை வருஷப் படிப்பும், ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சியும் வேண்டும். இவற்றை முடித்தவரின் கையில் ஜனங்கள் தங்கள் உயிரை ஒப்படைக்கிறார்கள். அதற்கு அவர் தகுந்தவர்தாமா என்பதை எவ்விதம் நிச்சயிப்பது?

2019-ஆம் வருஷத்துத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தேசமெங்கும் ஒரே இறுதிப் பரீட்சை வேண்டுமென விதித்தது. தொழில் நடத்த அனுமதியும், மேற்படிப்புக்கு இடமும் அதனாலேயே கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2023-இல் அது ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்ததை நாம் குறைகூறவில்லை. அடிப்படையையே திருத்த இது நல்ல சமயம் என்கிறோம்.

"இவரை நோயாளியிடம் தனியே விடலாமா?" என்பது ஒரு கேள்வி; "இவர்களில் முந்தியவர் யார்?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. பின்னதற்கு, நாலு விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்வது சௌகரியமாயிருக்கலாம். முன்னதற்கு அது எப்படிப் போதும்? மூச்சுத் திணறும் குழந்தையின் படுக்கையருகே விடைகளை யாரும் அச்சிட்டு வைப்பதில்லை. சாட்சியை விசாரிக்கவேண்டிய வழக்கில், அவரைக் கூண்டிலேற்றாமல் மனுவை மட்டும் படித்து நீதிபதி தீர்ப்புச் சொல்லலாகாது.

2023-ஆம் வருஷத்துத் திட்டத்தில் செய்முறைப் பகுதியும் உண்டு என்பது மெய்யே. ஆனால் மேற்படிப்புக்கு வரிசை வகுப்பது எழுத்துப் பகுதி. மாணாக்கரின் உழைப்பு எப்பக்கம் சாயும் என்று நாம் சொல்லவேண்டுமா? இப்போதே பயிற்சி வருஷத்தில் இளம் வைத்தியர் பலர் நோயாளியை விட்டு வினாப் புஸ்தகங்களை நாடுகிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, குற்றம் ஏற்பாட்டினுடையது.

மாற்று வழி இல்லாமலில்லை. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ஹார்டன் 1975-இல் ஒரு முறையை வெளியிட்டார். மாணாக்கர் இடம் இடமாகச் சென்று, குறித்த நிமிஷங்களுக்குள் ஒருவரிடம் நோய் விவரம் கேட்கவும், மற்றொருவரைச் சோதிக்கவும் வேண்டும்; பரீட்சகர் முன்பே வகுத்த பட்டியல்படி மார்க்கிடுவார். கையைப் பழக்குவது நமக்கும் புதிதன்று. பூசணி, சுரை முதலிய காய்களில் அறுத்துப் பழகும்படி சுசுருத சம்ஹிதை மாணாக்கருக்கு விதித்திருக்கிறது.

இதற்குச் செலவும் பரீட்சகர்களும் அதிகம் வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆயினும் அந்தச் செலவைச் சர்க்கார் ஏற்காவிடில், அதை ஏழை நோயாளி தன் உடம்பால் செலுத்த நேரும். அனுமதிப் பரீட்சை வேறு, போட்டிப் பரீட்சை வேறு என்று பிரித்துவிடுவதே உசிதம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.