'தற்காலிகம்' என்னும் சாக்கு

மும்பையின் கணபதி பந்தல்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மூங்கில் நட்டுத் துணி கட்டுகிறார்கள். விசர்ஜனம் முடிந்ததும் இருந்த இடம் தெரிவதில்லை. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். இருக்கிறது என்கிறார் ராகுல் மெஹ்ரோத்ரா. மும்பைக் கட்டடக்கலைஞர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர். சிமெண்டில் நிற்பது ஒரு நகரம். பந்தலும் ஊர்வலமும் நடைபாதைக் கடையுமாக ஓடுவது இன்னொரு நகரம். இரண்டும் ஒரே இடத்தில்தான் என்பது அவர் கட்சி.

2013ல் அலகாபாத் கும்பமேளாவை ஹார்வர்டு குழுவுடன் ஆராய்ந்தார். 2015ல் புத்தகமும் வந்தது. மழை ஓய்ந்து கங்கை வற்றிய மணலில் சில வாரங்களில் ஒரு நகரம் எழுகிறது. மூங்கில், கயிறு, ஆணி, துணி, தகரம் - பெரும்பாலும் இவ்வளவே சாமான். மிதவைப் பாலம், இரும்புத் தகடு பரப்பிய சாலை, குழாய், விளக்கு, கழிப்பிடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. 55 நாள் கழித்து அவிழ்த்து எடுத்துப் போகிறார்கள். அடுத்த வெள்ளம் இடத்தை மூடிவிடுகிறது.

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேளாவின்போது, பிப்ரவரி 10ந் தேதி, முப்பதுக்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டது அலகாபாத் ரயில் நிலையத்தில். அது கெட்டிக் கட்டடம். மணல் நகரமும் குற்றமற்றதல்ல. 2025 ஜனவரி 29ந் தேதி சங்கமத்தருகே 30 பேர் இறந்ததாகப் போலீசாரே அறிவித்தார்கள். ஜனங்களின் போக்குவரத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் சிமெண்டும் காப்பாற்றாது, மூங்கிலும் காப்பாற்றாது.

நம்மவர் கேட்க வேண்டியது வேறு. ஆற்று மணலில் சில நாள் தங்குகிறவர்களுக்குச் சில வாரங்களில் குழாயும் கழிப்பிடமும் அமைக்க முடிகிறது. தாராவியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம் ஜனங்கள் மட்டும் கழிப்பிட வாசலில் இன்னும் வரிசையில் நிற்பானேன்? 'குடிசை தற்காலிகந்தானே' என்பது வழக்கமான பதில். 2000க்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குழாய் இணைப்புக் கிடையாது என்றே மாநகராட்சி சொல்லிவந்தது. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிசை சட்டப்படி கட்டப்பட்டதோ இல்லையோ, அதில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் தரவேண்டும் என்றது.

மெஹ்ரோத்ராவின் ஆராய்ச்சியைப் படித்தவர்கள் பந்தலின் அழகைப் பேசட்டும். நமக்கு வேண்டியது அந்தக் குழாய்க் கணக்கு. மகாராஷ்டிரத்திலேயே 2027ல் நாசிக் கும்பமேளா. அங்கே எத்தனை நாளில் எத்தனை குழாய் போடுகிறார்கள் என்று நம் சங்கங்கள் குறித்துவைத்து, அந்தத் தாளோடு வார்டு ஆபீசுக்குப் போகட்டும்.