காணி நிர்ணயமும் நீதிமன்றத்தின் கைக்கட்டும்

முள்ளியவளை உழவர் ஒருவர், பாட்டனார் காலத்து உறுதியைக் கையிலேந்தி மாவட்ட நீதிமன்றத்தின் படியேறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தலைமுறை நெல் விளைத்த மண். அவ்வுறுதியை ஏற்க நீதிபதி மறுக்கலாமா? சில வேளைகளில் மறுத்தே தீர வேண்டும் என்கிறது இந்நாட்டுச் சட்டம்.

சிறப்பு மன்றமோ அதிகாரியோ சட்டத்துக்குக் கூறும் பொருள் எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது என்பர் நம் அப்புக்காத்துமார். உண்மை, ஆனால் பாதி உண்மை. சட்டத்தின் பொருள் வேறு, காணியின் உரித்து வேறு. 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் நிர்ணயக் கட்டளை, உரித்துக்கு முடிவான சான்றாகும். அதன்பின் உறுதி, தோம்பு, அயலவர் சாட்சியம் எவற்றாலும் அதை மாவட்ட நீதிமன்றில் அசைத்தல் அரிது. உயர் நீதிமன்றத் தீர்ப்பைக்கூட வழக்கின் விவரம் வேறு என்று காட்டி விலக்கி வாதாடலாம். அதிகாரியின் கட்டளையை அவ்வாறு விலக்க வழியில்லை!

இது வெறும் ஏட்டு வாதமன்று. 2025 மார்ச் 28ஆம் நாள் வர்த்தமானி, வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கரை இச்சட்டத்தின் வாய்க்குள் தள்ளியது. முல்லைத்தீவு மாவட்டத்தின் பங்கு 1,700 ஏக்கருக்கு மேல். உரிமை கோர மூன்று மாத தவணை. கோராவிடில் அரச காணி. உரியவர்களுள் பலர் கனடாவிலும் இலண்டனிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்கின்றனர். பலருடைய உறுதிகள் 2009இல் பதுங்குகுழிகளோடு போயின. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலைக் கைவிட்டது. அறிவித்தல் போயிற்று, சட்டம் இருக்கின்றது.

காடும் தரிசும் முடிக்குரியவை என்ற ஊகம் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. உடையவன் துரத்தப்பட்டதனால் காடு பற்றிய வயலை, காடு பற்றியதனாலேயே அரசுக்குரியது எனல் எவ்வகை நியாயம்?

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டமோ இன்னும் ஒருபடி மேல். 'இது அரச காணி' என்று அதிகாரி விண்ணப்பித்தால், அதற்குச் சான்று காட்டுமாறு அவரைக் கேட்க நீதவானுக்கு அதிகாரமில்லை. செல்லுபடியான அரச அனுமதிப் பத்திரத்தை மட்டுமே உழவர் காட்டலாம். தன் சொந்தக் காணிக்கு எவன் அரசிடம் அனுமதிப் பத்திரம் பெற்றிருப்பான்? மேன்முறையீட்டு நீதிமன்றில் எழுத்தாணை கேட்கலாம். தனி வழக்கும் தொடுக்கலாம். அதற்குக் கொழும்புப் பயணமும், கட்டணமும், ஆண்டுகளும் வேண்டும். ஒரு போக விளைச்சல் அதற்குப் போதாது.

நிபுணத்துவத்தை நாம் வெறுக்கவில்லை. நில அளவையும் வரைபடமும் அறிந்த அதிகாரியின் முடிவை நீதிமன்றம் மதிக்கட்டும். எதிர்ச் சான்று வரும்வரை அதனை ஏற்கட்டும். 'முடிவான சான்று' என்பது 'முதல்நிலைச் சான்று' என மாறுதல் வேண்டும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் உரிமை காக்க இயலாதோரின் காணியை, அக்காலத்தில் பிறர் கொண்டிருந்த ஆட்சியால் பறிக்கலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அயலவனுக்கு எதிராகக் கிடைத்த அப்பாதுகாப்பு அரசுக்கு எதிராகவும் கிடைக்க வேண்டும். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தனியார் பிரேரணையாகவேனும் இத்திருத்தத்தைச் சபைக்குக் கொண்டுவரட்டும். அதுவரை உழவர்கள் தம் உறுதிகளின் உறுதிப்படுத்திய பிரதிகளைக் காணிப் பதிவகத்தில் இப்போதே பெற்று வைத்தல் நன்று. அடுத்த வர்த்தமானி வந்தபின் கிடைப்பது மூன்று மாதம் மட்டுமே.