பாகம் கேட்கத் தெரியாத வாரிசு

"எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மனத்தில் ஓயாமல் சுழலும் கேள்வி இது. நாம் துஆ செய்கிறோம், ஆறுதல் சொல்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டத்திலும் ஷரீஅத்திலும் தெளிவான வழிகள் உள்ளன. அவற்றைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொன்னது. 15 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்கள் 22.8 சதவீதம் மட்டுமே. மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழ் வைத்திருப்பவர்களோ மொத்தத்தில் 28.8 சதவீதம்தான்.

சான்றிதழ் இல்லையென்றால் அரசின் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை. தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டிலும் சேர முடியாது. ஆனாலும் பல குடும்பங்கள் சான்றிதழ் வாங்கத் தயங்குகின்றன. வெளியே தெரிந்தால் அக்கா தங்கைகளின் நிக்காஹ் பேச்சு தடைபடும் என்ற பயம் ஒன்று. வாப்பா வளைகுடாவில் இருக்க, உம்மா தனியாக மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலைய வேண்டிய சிரமம் இன்னொன்று. வளர வளரச் சரியாகிவிடுவான் என்று காத்திருந்தே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அடுத்த சிக்கல் 18 வயதில் வருகிறது. அந்த வயதோடு பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்தையும் பணத்தையும் நிர்வகிக்கச் சட்டபூர்வ பாதுகாவலர் சான்று தேவைப்படும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் நிலைக் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்படும் பாதுகாவலர் சொத்துப் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் குழுவிடம் காட்ட வேண்டும். கையாடல் செய்தாலோ கவனிக்காமல் விட்டாலோ அவரைக் குழு நீக்கலாம். எல்லோருக்கும் பாதுகாவலர் தேவை என்பதில்லை. லேசான குறைபாடு உள்ள பலர் சற்று வழிகாட்டினால் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படாத விஷயம் வாரிசுரிமை. அறிவுக் குறைபாடு எவரையும் வாரிசுரிமையிலிருந்து நீக்குவதில்லை. மற்ற மகனுக்கு என்ன பாகமோ அதே பாகம் இந்த மகனுக்கும் உண்டு. மகளுக்கும் அப்படியே. ஆனால் பாகப்பிரிவினையின்போது, "அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வாய்ச்சொல்லோடு அவன் பாகமும் ஓர் அண்ணனின் பாகத்தில் சேர்ந்துவிடுவது உண்டு. விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவதும் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காதவரின் கைநாட்டு சட்டத்திலும் செல்லாது, ஷரீஅத்திலும் செல்லாது. சூரா அன்னிஸாவின் 5ஆம் வசனம், பொருளைக் கையாளத் தெரியாதவர்களின் பொறுப்பாளர்கள் அந்தப் பொருளிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவாகப் பேசவும் கட்டளையிடுகிறது. அண்ணன் சோறு போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அது தம்பியின் பாகத்துக்கு விலை ஆகாது.

பெற்றோர் இந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஏதாவது தர விரும்பலாம். வாரிசுக்கு வஸிய்யத் எழுதினால், மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது செல்லும். எனவே உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுப்பது உறுதியான வழி. பிள்ளைகளிடையே நீதம் வேண்டும் என்பது பொது விதி. எனினும் நோய், இயலாமை போன்ற தக்க காரணம் இருந்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமாவின் கருத்து. மற்ற பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசி, அவர்கள் மனம் ஒப்பச் செய்தால் பின்னாளில் சண்டை வராது.

சொத்து இல்லாத குடும்பத்துக்கு வேலைதான் சொத்து. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரு சதவீதம். பெரும்பாலான பணிகள் தேர்வையும் படிப்பையும் கேட்பவை. ஆகவே இவர்களில் பலருக்கு வேலை தனியாரிடம்தான் கிடைக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகள் முதல் ஊர்தோறும் உள்ள பேக்கரி, ஜவுளிக்கடை வரை நம்மவர்களிடம் தொழில்கள் இருக்கின்றன. பொட்டலம் கட்டுவது, துணி மடிப்பது, லேபிள் ஒட்டுவது போன்ற ஒரே மாதிரியான வேலைகளைச் சில வாரங்கள் கூடவே நின்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால், இவர்களில் பலர் சிறப்பாகச் செய்வார்கள். அப்படி வேலைக்கு எடுத்தால் உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். இரக்கப்பட்டு வேலை கொடுத்தோம் என்று கூலியைக் குறைப்பது அநீதி.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுக்கட்டும். சான்றிதழ் இல்லாதவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல ஓர் இளைஞரை நியமிக்கட்டும். பாகப்பிரிவினைக்காகப் பள்ளிவாசலுக்கு வரும் குடும்பத்திடம், கையெழுத்துக்கு முன் இமாமும் முத்தவல்லியும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "தன் பாகத்தைத் தானே கேட்கத் தெரியாத வாரிசு உங்கள் வீட்டில் யாரும் உண்டா?"