தெளிந்த நீர்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பார்கள். கலங்கல் அடியில் தங்கும், தெளிந்ததைக் குடிப்போம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, தெளிந்த நீரென்றால் நல்ல நீர் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. சேற்று நீரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். கண்ணாடி போல் ஓடும் ஆற்றைக் கண்டால் இரு கையாலும் அள்ளத் தோன்றுகிறது. மேகாலயத்தின் லூகா நதியின் கதையைக் கேட்டவர்கள் இந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிழக்கு ஜெயந்தியா மலைகளில், சோனாப்பூர் அருகே நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே ஓடி வங்காள தேசத்துக்குப் போகிற நதி அது. 2007-ம் வருஷத்தை ஒட்டி, குளிர்காலம் வந்தால் அது நீலமாக மாறத் தொடங்கிற்று. வானத்தின் நிழல் விழுந்த நீலமல்ல. சலவைத் தொட்டியில் நீலம் கரைத்தாற்போன்ற நீலம். மீன்கள் செத்து மிதந்தன. வழிப்போக்கர்களோ பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தார்கள். அழகுதான், நான் மறுக்கவில்லை. மீன் இல்லாத அழகு.

இதன் இரகசியம் சிறியது. அந்த மலைகளின் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. இரும்போடு கூடிப் பொன்னிறக் கல்லாகக் கரியின் நடுவே கிடக்கிறது. பூமிக்குள் மூடிக் கிடக்கும்வரை அது பரம சாது. தோண்டி எடுத்து, காற்றும் நீரும் பட்டுவிட்டால் கந்தகத் திராவகமாகிறது. வழியிலுள்ள பாறையிலிருந்து அலுமினியத்தையும் மாங்கனீஸையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. சில இடங்களில் இரும்பு படிந்து கல்லெல்லாம் காவி பூசிக்கொள்ளும். சில இடங்களில் நீர் பளிங்காகவே இருக்கும். நம் தேற்றாங்கொட்டைக்கு அங்கே வேலையே இல்லை!

நீரின் அமிலத்தை அளக்கும் கணக்கில் 7 நடுநிலை. குடிநீர் 6.5-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. 7-லிருந்து 4-க்கு இறங்கினால், "மூன்றுதானே குறைந்தது?" என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. மூன்று படி இறங்கினால் ஆயிரம் மடங்கு. ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தார் 2004-க்குள்ளாகவே, ஜெயந்தியா ஓடைகளில் அமிலமும் ஸல்பேட்டும் இரும்பும் மிகுந்து, நீர்வாழ் உயிர்கள் அருகிப்போனதை அளந்து எழுதிவிட்டார்கள்.

எழுதியதைப் படித்தவர்கள் யார்? நீலத்துக்குக் காரணம் நிலக்கரியா, சிமெண்டு ஆலைகளா என்ற வழக்காடல்தான் வருஷக்கணக்கில் நடந்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே, லூனார் என்ற உபநதி வழியாக வரும் சுரங்க நீரைத்தான் முக்கியக் குற்றவாளியாகக் காட்டிற்று. 2014 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. தடை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை 2018 டிசம்பரில் க்ஸான் என்ற இடத்தில் கண்டோம்; வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் பதினைந்து பேர் சிக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே தீர்ப்பாயம் மாநில சர்க்காருக்கு 100 கோடி ரூபாய் விதித்தது.

தடை வந்ததும் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்களிடந்தான் எனக்குச் சண்டை. தடை உத்தரவு மனிதனுக்கு; கல்லுக்கு அல்ல. தோண்டியவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திறந்த குழியில் மழை பெய்கிறது. குழி திராவகத்தைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொன்னிறக் கல் தீரும்வரை, பல வருஷங்களுக்கு அது ஓயாது.

"அந்த ஜனங்கள் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆற்றில் வலை வீசியவனும் ஜனந்தானே, ஐயா? லாரியில் ஏறிய கரிக்குக் கணக்கு உண்டு. வலையில் விழாத மீனுக்குக் கணக்கு உண்டா? அந்த மலைகளில் பிறக்கும் கொப்பிலி நதி அசாமில் நீர்மின் நிலையத்துக்குப் போகிறது. அமில நீர் அங்கே யந்திரங்களின் இரும்பையே அரித்தது. உடனே அமிலத்துக்கு ஒரு விலை கிடைத்துவிட்டது. மீன் செத்தால் விவாதம். யந்திரம் அரித்தால் நஷ்டக் கணக்கு.

அளப்பதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. மேகாலயத்து மழை எதையும் கரைத்துவிடும். ஆடியில் மொண்ட நீரையும் தையில் மொண்ட நீரையும் சேர்த்துச் சராசரி போட்டால், நதி காகிதத்தில் சௌக்கியமாகிவிடும். மீன் சராசரியில் வாழ்வதில்லை. தை மாதத்து நீரிலும் அது இருந்தாக வேண்டும். ஆகையால் நீர் வற்றி நிற்கும் மாதங்களில் அளக்க வேண்டும். சுரங்க நீர் விழும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளை எண்ண வேண்டும். கருவி அந்த ஒரு நிமிஷத்து நீரைத்தான் சொல்லும். பூச்சி போன மாதத்தையும் சேர்த்துச் சொல்லும்.

அப்படி அளந்ததை அலமாரியில் பூட்ட வேண்டாம். சோனாப்பூர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில், அந்தந்த வாரத்து எண்ணைச் சாக்கட்டியால் எழுதிப் போடட்டும். படம் பிடிப்பவர்கள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார்கள்.